மூன்று தடவை கொதித்த தேங்காய்ப்பால்

சென்ற மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. உணவில் கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சைக் கண்டுபிடிக்க என் காலத்தில் கையாண்ட முறைகளை இந்தக் காலத்து முறையோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். அனுப்பியவர் நான் வேலை பார்த்த துறையில் இப்போது அதிகாரியாக இருக்கும் பெண். முறையின் பெயர், ஆகும் நேரம், பிழைக்கான வாய்ப்பு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று மூன்று வரி இடம் விட்டிருந்தார்.

நேரில் வந்து விளக்கமும் சொன்னார். இப்போது ஒரு தட்டு இருக்கிறதாம். அதில் சின்னச் சின்னக் குழிகள். குழியில் சொட்டு விட்டால், நஞ்சு இருந்தால் நிறம் மாறுமாம். நாலு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுமாம்.

"உங்க காலத்துல என்ன சார் பண்ணீங்க?"

"பூனைக்குட்டி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். மூன்று வரிக்குள் எழுத முயன்றேன். முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

என் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் ஒன்றரை வருஷம். முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் மற்றவர்கள் கழுவிய குழாய் சரியாகக் கழுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மீதி ஆறு மாதத்தில் நுண்ணுயிரியல் முழுவதையும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு, தண்ணீரும் காலராவும் பார்ப்பதற்காகத் தர்மபுரியில் திறந்திருந்த இரண்டு அறைப் பரிசோதனைக் கூடத்துக்கு உதவியாளராக அனுப்பினார்கள். மின்சாரம் கிடையாது. கிருமி வளர்க்கும் பெட்டிக்கு அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். ஈர மணலில் புதைத்த பானைதான் குளிர்பதனம்.

அங்கே என் மேலதிகாரி டாக்டர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு. கோபமே வராது. அதனால் எல்லோருக்கும் அவரிடம் பயம். மாதிரி எதையும் அவர் கையில் வாங்குவதற்கு முன், கொண்டுவந்த ஆளை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். பாத்திரத்தில் எடுத்துப் போட்டது யார்? மூடியது யார்? வழியில் அதற்கு என்ன நடந்தது? பதிலை எழுதிக்கொண்ட பிறகுதான் முத்திரையைப் பார்ப்பார். வந்தவர்களுக்கு இது சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல் இருக்கும். எனக்கு நேரம் வீணாவதுபோல் இருக்கும். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து.

யுத்த காலம். பஸ்கள் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின, ஓடாமலும் நின்றன. ஏரியூர்ப் பக்கம் காலரா என்று டாக்டர் முகாம் போயிருந்தார். அப்போதுதான் கடத்தூரிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரம் வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். கடத்தூரில் பொன்னுசாமி என்ற பெரிய விவசாயி வீட்டில் காதுகுத்து விருந்து. காலைப் பந்தியில் இடியாப்பம் மாதிரிப் பிழியும் சந்தகையும் தேங்காய்ப்பாலும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பந்தியில் பாதிப் பேர் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் பொன்னுசாமியின் சித்தப்பா, எழுபது வயதுக்காரர். மறுநாள் விடியும்போது இறந்துபோனார்.

சமையல்காரர் மாரப்பனைப் போலீஸ் பிடித்துப்போயிற்று. முதல் நாள் பொன்னுசாமி சமையல் கொட்டகைக்கு வந்து, போன வருஷம் இன்னொரு வீட்டில் மாரப்பன் செய்த தேங்காய்ப்பால் கழனித் தண்ணிபோல் இருந்தது என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதற்கு மாரப்பன், "நாளைக்குச் சாப்ட்டுட்டுச் சொல்லுங்க பாக்கலாம்" என்றிருக்கிறார். சமையல்காரர் எவரும் சொல்லக்கூடிய வார்த்தை. மறுநாள் ஒரு சாவு விழுந்ததால் அது வாக்குமூலம் ஆகிவிட்டது.

பாத்திரத்தைக் கொண்டுவந்தவர் தலையாரி பெரியண்ணன். முத்திரை சரியாக இருந்தது. கேள்விகள் மூன்றையும் நான் கேட்கவில்லை. அன்றைக்கு எட்டுத் தண்ணீர் மாதிரிகள் காத்திருந்தன. மூடியைத் திறந்து பார்த்தேன். பால் திப்பி திப்பியாக இருந்தது, மேலே எண்ணெய் மிதந்தது. மூன்று நாளான தேங்காய்ப்பால் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். வாசனை மட்டும் புளிக்கவில்லை. அதையும் கவனித்தேன். கவனித்து என்ன பயன்?

முதல் முறை, தட்டு. இறைச்சிச் சாற்றைக் கடல்பாசியோடு காய்ச்சி, தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் மாதிரியைக் கம்பியால் கீறி, உடம்புச் சூட்டில் வைப்பது. உயிருள்ள கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாகக் கூட்டம் வளரும். இரண்டு நாள் வைத்தேன். தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

வழக்கைப் பார்க்கும் சப் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள், எதையும் முடித்துவிட்டுத்தான் உட்காருவார்.

"கிருமி உண்டுங்களா இல்லீங்களா?"

"காணப்படவில்லை."

"அத எழுதிக் குடுத்துருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒரு துண்டுத் தாளில் எழுதி, டாக்டருக்காக என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிருமி காணோம் என்றால் மருந்து வைத்ததுதான் என்று அவர் வழக்கை எழுதிவிட்டார். கொலைக் குற்றம். வருகிற திங்கட்கிழமை மாரப்பனைச் சேலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு. அன்று புதன்.

புதன் மாலை டாக்டர் திரும்பினார். பாத்திரத்தைத் திறந்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உம்ம வீட்டுல தேங்காய்ப்பாலக் கொதிக்க வைப்பாங்களா?"

"மாட்டாங்க ஐயா."

"ஏன்?"

"திரிஞ்சிடும்."

"இது என்ன?"

 டாக்டர் மூடியைப் போட்டார். பெரியண்ணனுக்கு ஆள் அனுப்பினார். வியாழன் மதியம் பெரியண்ணன் வந்தார். டாக்டர் உட்கார வைத்து முதல் இரண்டு கேள்வியையும் முறைப்படி கேட்டு எழுதிக்கொண்டு, மூன்றாவதுக்கு வந்தார்.

"வழியில இதுக்கு என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலீங்க சாமி. பத்திரமாத்தான் கொண்டாந்தோம்."

"கெட்டுப்போகலையா?"

பெரியண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெப்பிடீங்க கெட்டுப்போவ உடுவோம்? பெரிய ஆபீசர் பாக்கற சாமான். எங்கூர்ல ஒருக்காக் கொதிக்க வெச்சு முத்திர போட்டாங்க. வழியில சத்தரத்துல முத்திரைக்குப் பழுது வராம வெந்நித் தவலைக்குள்ள பாத்தரத்தோட எறக்கி ஒருக்கா. இங்க எங்க மச்சான் வூட்ல காத்தால அதே மாதிரி ஒருக்கா. மூணு தடவைங்க. பொளுதுக்கும் வெறகு தள்ளுனது எம் பொண்டாட்டி. சும்மா சொல்லப்படாது."

டாக்டர் எழுதி முடித்தார். "நல்லா கொதிச்சதா?"

"தளதளன்னுங்க."

"ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். கேலி இல்லை. அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சீழ்க் கட்டியில் இருக்கும் ஒரு வகைக் கிருமி உணவில் விழுந்து சில மணி நேரம் வளர்ந்தால் ஒரு நஞ்சைக் கக்கும். கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், நஞ்சு சாகாது. ஆகவே தட்டில் ஒன்றும் வளராது, சாப்பிட்டவன் மட்டும் வாந்தி எடுப்பான். நான் கொடுத்த துண்டுத் தாள், பெரியண்ணனின் மனைவி எவ்வளவு நன்றாக விறகு தள்ளினார் என்பதற்குச் சான்று. வேறு எதற்கும் இல்லை.

இரண்டாவது முறை, பூனைக்குட்டி. அப்போது புதிதாக வந்த முறை, டாக்டர் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். சந்தேகப்படும் உணவைப் பீங்கான் வடிகட்டியில் வடித்து, வடித்ததை அரை மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பின் குட்டியின் அடிவயிற்றில் ஊசியால் ஏற்ற வேண்டும். நஞ்சு இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குட்டி வாந்தி எடுக்கும். கொதிக்க வைப்பது ஏன் என்றால், பூனையைக் கொல்லும் மற்ற நஞ்சுகளை அழித்துவிட்டு வாந்தி நஞ்சை மட்டும் மிச்சம் வைக்க. அதாவது பெரியண்ணன் செய்த தப்புத்தான் இந்த முறையின் முதல் படி. அவரே தெரியாமல் மூன்று தடவை செய்து கொடுத்திருக்கிறார்.

அதற்கு முன் மருந்து வைத்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும். பாலோடு அமிலம் சேர்த்துச் செப்புத் தகட்டைப் போட்டுக் கொதிக்க வைத்தோம். பாஷாணம் இருந்தால் தகடு கறுக்கும். கறுக்கவில்லை. ஊமத்தை இருக்குமோ என்று வடித்ததில் ஒரு சொட்டைப் பெரிய பூனை ஒன்றின் வலது கண்ணில் விட்டோம். ஊமத்தை என்றால் அந்தக் கண்மணி மட்டும் விரியும். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி எங்களை முறைத்தன.

இதற்கிடையில் சப் இன்ஸ்பெக்டர் இன்னொரு பொட்டலம் அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம், நடுவில் ஓட்டை. 'குற்றவாளியிடம் கைப்பற்றியது. மாந்திரீகம் என்று சந்தேகம்' என்று குறிப்பு. டாக்டர் ஓட்டைக்குள் தன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். கச்சிதமாக நுழைந்தது. கையைக் கழுவிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, "வாரும், லாக்கப்புக்குப் போவோம்" என்றார்.

மாரப்பன் நாற்பது வயது ஆள். பருத்த தோள். எங்களைப் பார்த்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கட்டைவிரலக் காட்டும்."

"ஒண்ணுமில்லீங்க. நகச்சுத்துங்க."

"எத்தன நாளா?"

"காதுகுத்துக்கு மூணு நாள் முந்தி. பளத்த சொருகி வெச்சிருந்தனுங்க. அதையும் இவுங்க புடுங்கிக்கிட்டாங்க. ராவெல்லாம் தூக்கமில்லீங்க."

"தேங்காய்ப்பால் எப்பப் பிழிஞ்சீர்?"

"மொத நா பொளுது சாய. பசும்பாலும் வெல்லமும் கலக்கி அண்டாவுல மூடி வெச்சம்."

"நீர்தானா? பிழியறப்ப விரல்ல பழம் இருந்ததா?"

மாரப்பன் அவரை அற்பமாகப் பார்த்தார். "பளத்தோட எப்பிடீங்க புளியறது?"

டாக்டர் விரலைக் கீறி விட்டார். சீழ் வந்தது, ஒரு குழாயில் எடுத்துக்கொண்டோம். மாரப்பன் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். வெள்ளி மாலைக்குள் அந்தச் சீழிலிருந்து தட்டில் தங்க நிறத்தில் கூட்டம் வளர்ந்தது. அழகான நிறம். அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் மகிழ்ந்ததை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமையே பூனைக்குட்டி வேலையும். பக்கத்துத் தெருவில் நாகம்மா என்பவர் வீட்டில் ஒரே ஈற்றில் இரண்டு குட்டி கிடைத்தது. "ஊசி போட்டா எலி நல்லாப் புடிக்குங்களா?" என்று கேட்டுக் கொடுத்தார். ஒரு குட்டிக்குக் கடத்தூர் பால் வடித்தது. இன்னொன்றுக்கு, நாங்களே நல்ல தேங்காயில் பிழிந்து அதே போல் வடித்துக் கொதிக்க வைத்தது. இது வாந்தி எடுக்கக் கூடாது. எடுத்தால் சோதனை செல்லாது. சப் இன்ஸ்பெக்டரைச் சாட்சியாக உட்கார வைத்தோம்.

ஐம்பதாவது நிமிஷம் கடத்தூர்க் குட்டி வாந்தி எடுத்தது. டாக்டர் நேரத்தைச் சொன்னார், நான் எழுதினேன். அறுபத்தைந்தாவது நிமிஷம் இன்னொரு குட்டியும் எடுத்தது.

குனிந்து பார்த்தேன். கருவாடு. எங்கள் பியூன் சின்னசாமி, "ஊசி போடப் போறீங்களேன்னு பாவமா இருந்துச்சுங்க" என்று அந்தக் குட்டிக்கு மட்டும் ஒரு முழுக் கருவாட்டை ஊட்டியிருந்தார்.

"பூனைன்னா வாந்தி எடுக்கத்தாங்க செய்யும்" என்றார் சப் இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டே. "திங்கக்கெளம காலைல வண்டி."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பால் பாக்கி எவ்வளவு இருக்கு?"

"அரை டம்ளர் ஐயா."

"போதும்." சப் இன்ஸ்பெக்டரிடம், "நாளைக்குக் காலை பத்து மணிக்கு வாரும். மூணு மணி நேரம் உட்காரணும்" என்றார்.

மூன்றாவது முறை அதுதான், புத்தகத்தில் கடைசியாகப் போட்டிருப்பது. மனிதன் சாப்பிட்டுப் பார்ப்பது.

சனிக்கிழமை காலை நான் சாப்பிடுகிறேன் என்றேன். தப்பு என்னுடையது, துண்டுத் தாளில் கையெழுத்து என்னுடையது. இரவு முழுவதும் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். டாக்டர் பாதியிலேயே நிறுத்தினார்.

"ஒருத்தர் சாப்பிடணும், ஒருத்தர் எழுதணும். உம்ம எழுத்து நல்லா இருக்கும்."

சப் இன்ஸ்பெக்டர் முகம் வெளுத்திருந்தது. "சார், நெசமாவே வெஷமா இருந்துட்டா?"

"உம்ம கேஸுக்கு அதவிட நல்ல சாட்சி கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, டாக்டர் அரை டம்ளரையும் மூன்று மடக்கில் குடித்தார். பத்து மணி ஐந்து நிமிஷம்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் மாதிரிக் கணக்குகளைத் திருத்தினார். பதினொன்று. பதினொன்றரை. சப் இன்ஸ்பெக்டர் அவருடைய கண்மணி விரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டே காலுக்கு டாக்டர் பேனாவை மூடினார்.

"எழுதும். வாயில் நீர் ஊறுகிறது. தலை லேசாகச் சுற்றுகிறது."

எழுதினேன்.

"பன்னிரண்டு முப்பது. குமட்டல்." அடுத்த வாக்கியத்தை அவர் சொல்லி முடிக்கவில்லை. வாளியை நீட்டிப் பிடித்தவர் சப் இன்ஸ்பெக்டர். டாக்டர் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். "பன்னிரண்டு முப்பத்திரண்டு. முதல் வாந்தி. எழுதினீரா?"

"எழுதினேன் ஐயா."

"தெளிவா எழுதும், கோர்ட்டுல படிக்கணும்."

ஒன்பது தடவை. ஒவ்வொன்றுக்கும் நேரம் சொன்னார். ஏழாவது தடவைக்குப் பிறகு அவரால் கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை, சப் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொன்னார். கடத்தூர்ப் பந்தியில் நடந்தது அவருக்கு மனப்பாடம். அதே நேரக் கணக்கு, அதே வரிசை. ஐந்து மணிக்கு டாக்டர் எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தத் துண்டுக் காயிதத்தத் திருப்பிக் குடுத்துடறேனுங்க" என்றார்.

ஞாயிறன்று அறிக்கை எழுதினோம். பாஷாணமும் ஊமத்தையும் காணப்படவில்லை. கொதிக்க வைத்தாலும் அழியாத வாந்தி நஞ்சு உண்டு. பால் பிழிந்தவரின் வலது கட்டைவிரல் சீழில் அத்தகைய நஞ்சைத் தரும் கிருமி உண்டு. மாதிரி வழியில் மூன்று முறை கொதிக்க வைக்கப்பட்டதால் தட்டில் கிருமி வளரவில்லை. பெரியவருடைய சாவு அந்த வாந்தியை அந்த வயது தாங்காததால். திங்கட்கிழமை சேலம் வண்டி மாரப்பன் இல்லாமல் போயிற்று.

அந்த வாரமே மாரப்பன் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றார்.

"வெஷம் வெச்சவன்னாக்கூட, கோவக்காரன்னு ஒரு மருவாதி இருந்துருக்குங்க. இப்ப சீழ் புடிச்ச கையில பால் புளிஞ்சவன்னு ஊரே சிரிக்குது. எவன் என்னயக் கூப்புடுவான்? அந்தக் கட்டவெரல மட்டும் காயிதத்துலருந்து எடுத்துருங்க."

"எடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

"நெசந்தானுங்களா அது?"

"நிஜம்."

மாரப்பன் வாசல்படியில் உட்கார்ந்தார். பிறகு குரலை இறக்கி, "நீங்க குடிச்சீங்களாமே. எப்பிடிங்க இருந்துச்சு?" என்றார்.

டாக்டர் எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொன்னதில்லை. யோசித்தார். "இனிப்பு சரியா இருந்தது. ஏலக்காயும் சரி. ஆனா திரிஞ்சு போயிருந்தது."

"திரிஞ்சா? நா பந்திக்குக் குடுக்கறப்பத் திரியலீங்களே!"

"வர்ற வழியில மூணு தடவ கொதிக்க வச்சுட்டாங்க."

"தேங்காப்பாலயா?" லாக்கப்பில் இருந்தபோதுகூட அந்தக் குரல் எழும்பவில்லை. "எந்த அறிவுகெட்டவனுங்க அது? தேங்காப்பாலப் போயி எவனாச்சும் கொதிக்க வெப்பானா? அத எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கு."

"படிங்க."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அறிக்கையில் ஒரு வரியைப் பிய்த்துக் கொடுப்பது விதிப்படி குற்றம். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி விளக்குத் திரியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஏரியூரில் ஒரு கல்யாணம், எனக்கும் அழைப்பு. இலையில் சந்தகை விழுந்தது. பின்னாலேயே தேங்காய்ப்பால் வாளி. நான் கையை மறித்து, "பால் எப்பப் பிழிஞ்சது?" என்று கேட்டேன். பரிமாறியவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து மாரப்பன் வந்தார். எனக்கு எதிரில் நின்று, பந்தி முழுவதும் பார்க்க, இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"இப்பத்தானுங்க புளிஞ்சேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

மறித்த கையை எடுத்தேன். இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். முதல் மூன்று முறைகளை அந்தந்தக் கட்டத்தில் எழுதிய பிறகு, கீழே நாலாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். முறை: கேட்டபின் சாப்பிடுதல். இடம்: ஏரியூர். ஆன நேரம்: இரண்டரை மணி, கடிகாரத்தைப் பார்த்தபடி. முடிவு: ஒன்றும் காணப்படவில்லை.